ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு

— முதல்ல அவ எங்கன்னு சொல்லுங்க மாமா. மத்தத பெறகு பேசுவோம்.

— எவ எங்க?

— தெரியாத மாதிரி கேக்காதீக. பக்கத்து ரூம்பு மகராசி. முத்துமீனா.

— சாப்பிடப் போயிருக்கும். நீ என்ன ப்ரியா, ஆராய்ச்சிக் கணக்குப் பிரிவுல சோலிய விட்டுட்டு மாடியேறி வந்து நிக்கிற?

— கட்டுன புருசனப் பாக்க வந்தேன். வரக் கூடாதா?

— வரக் கூடாதுதான். ரீடர் கண்ணுப் படம் பாத்து மார்க்குப் போடுற ரூம்புக்குள்ள கணக்குப் பாக்குற ஆளு காலெடுத்து வைக்கக் கூடாதுன்னு எழுதி ஒட்டுனதே நீதான புள்ள.

— ஒரு ரீடர் போட்ட மார்க்க இன்னொரு ரீடர் பாக்கக் கூடாதுன்னும் நான்தான் எழுதி ஒட்டுனேன். அது உங்க கண்ணுல படலையாக்கும்?

— அட விடு புள்ள. எதுக்கு இப்ப கதவச் சாத்துற?

— வெளிய கேட்டா உங்களுக்குத்தான் அசிங்கம். சொல்லுங்க மாமா, மேலூரு, பரவைன்னு முகாம் முகாமாப் போயி, சக்கர வியாதிக்காரங்க கண்ணுக்குள்ள படம் எடுக்குறோம். பேர அழிச்சிட்டு நம்பர் மட்டும் போட்டு உங்களுக்குத் தனியா, அவளுக்குத் தனியா அனுப்புறேன். எதுக்கு? எனக்கு மறந்துபோச்சு.

— இதென்ன பரிச்சையா? ரெண்டு பேரு தனித்தனியாப் பாத்து ஒண்ணையே சொன்னாத்தான் அத நம்பலாம். வித்தியாசம் வந்தா பெரிய டாக்டர் நல்லகாமன் பாத்துத் தீர்ப்புச் சொல்லுவாரு. போதுமா?

— போதும். இப்ப நான் சொல்றதக் கேளுங்க. சித்திரைத் திருவிழா வரைக்கும் உங்களுக்கும் அவளுக்கும் பத்துப் படத்துக்கு ரெண்டு படம் சண்டை. நீங்க வியாதி முத்திருச்சும்பீக, அவ ஆரம்பந்தான்ம்பா. மனுசக் கண்ணுன்னா அப்படித்தான் இருக்கும். அழகர் மலைக்குத் திரும்புனாரோ இல்லையோ, உங்க ரெண்டு பேருக்குள்ள அப்படியொரு ஒத்துமை! பால்ல தண்ணி கலந்த மாதிரி.

— பழகப் பழக ரெண்டு பேரு கண்ணும் ஒண்ணுபோலப் பாக்கும். அதுல என்ன?

— கண்ணு பழகுச்சா, ஆளு பழகுச்சா?

— ப்ரியா!

— கத்தாதீக. உங்களுக்குத் தெரியாம நான் ஒரு வேல செஞ்சேன். சில படத்த நம்பர மாத்தி ரெண்டாந்தடவையும் உள்ள விட்டேன்.

— எங்கள வேவு பாத்தியா?

— வேவு இல்ல. கண்ணுப் படமோ, நெஞ்சுப் படமோ, இந்தமாதிரி ஆராய்ச்சி நடக்குற எல்லா எடத்துலயும் உள்ள முறைதான். ஒரு ஆளு நேத்துச் சொன்னதையே இன்னைக்கும் சொல்றாரான்னு பாக்குறது. முத்துமீனா சில படத்துல மொதத் தடவ ஒண்ணு சொல்லியிருக்கா, ரெண்டாந்தடவ வேற சொல்லியிருக்கா. தப்பில்ல, அசதியில யாருக்கும் வர்றதுதான். ஆனா அதே படத்துல, அதே மாதிரி, நீங்களும் மாத்திச் சொல்லியிருக்கீக. ரெண்டு பேரு ஒரே சரியச் சொல்லலாம் மாமா. ரெண்டு பேரு ஒரே தப்ப எப்படிச் சொல்லுவீக?

— என்ன சொல்லச் சொல்ற?

— அவ பாத்துப் பாத்து உங்களுக்கும் சேத்து மார்க்குப் போட்டுக் குடுக்குறா. அது எனக்கு வெளங்கிருச்சு. செல்போன்ல அவ அனுப்புற வாய்ஸ் மெசேஜ மொட்டமாடியில ஒளிஞ்சு நின்னு கேக்குறீகள்ல, நேத்து படியில நின்னு நானும் கேட்டேன். வெறும் படத்து நம்பரும் மார்க்கும். "நாப்பதுக்கு ரெண்டு, நாப்பத்தொண்ணுக்கு ஒண்ணு." ஒரு வாஞ்சையான பேச்சு இருந்திருந்தாக் கூட அழுது தொலச்சிருப்பேன். உங்க வேலைய அவ செஞ்சு குடுக்குற அளவுக்குப் போயிருச்சுன்னா, அதுக்குப் பின்னால எம்புட்டுத் தூரம் போயிருக்கும்னு ராப்பூரா கணக்குப் போட்டேன்.

— நீ போடுற கணக்கு தப்பு. அந்தப் புள்ள என்ன அண்ணேன்னு கூப்புடுது.

— அண்ணேன்னு கூப்புட்டா ஆச்சா? மருதையில பஸ்ஸுக்குள்ள எடம் கேக்குறவளும்தான் அண்ணேங்குறா. என் சித்தப்பா மகன் மொக்கைச்சாமி, மேலூரு பஸ் ஸ்டாண்டுல செல்போன் கட வச்சிருக்கான்ல, அவன் போன் போட்டான். "அக்கா, மச்சான ஒரு பொம்பள கையப் பிடிச்சு ரோட்டக் கடத்திக் கூட்டிட்டுப் போச்சு, நான் கூப்புட்டும் மச்சான் திரும்பல"ன்னான். அன்னைக்கு மேலூருல முகாமே கெடையாது. தம்பி சொல்லி எனக்குத் தெரியணுமா மாமா?

— அவன் பாத்தது நெசந்தான்.

— ஆத்தாடி! வாயத் தொறந்து ஒத்துக்கிடுறதப் பாரு.

— கையப் பிடிச்சது நெசம்னேன். நீ நெனைக்கிறது நெசம்னு சொல்லல.

— அவ உக்காந்திருக்குற நாற்காலி யாருக்கு வர வேண்டியது? ரீடர் பரிச்ச ரெண்டு பேரும் சேந்துதான எழுதுனோம். அவ தேறுனா, நான் தேறல. சரி, அவளுக்குக் கூர்மையான கண்ணு, நமக்குக் கணக்குன்னு மனசத் தேத்திக்கிட்டுக் கீழ போயி உக்காந்தேன். இப்ப என் வீட்டுக்குள்ள இருக்குற நாற்காலியும் அவளுக்கு வேணுமா?

— புள்ள, மெதுவா. இப்ப என்ன செய்யணும்ங்குற?

— நான் செய்ய வேண்டியதச் செஞ்சுட்டேன். மாடியேறுறதுக்கு முன்னாடி நல்லகாமன் சாருக்கு மெயில் போட்டுட்டேன். ரெண்டு ரீடரும் கூட்டுச் சேந்து மார்க்குப் போடுறாகன்னு. அதோட இன்னொரு வரியும் எழுதிட்டேன், அவ நடத்த சரியில்லன்னு.

— அடிப்பாவி. என்னப் பத்தி என்ன வேணாலும் எழுதியிருக்கலாம். அந்தப் புள்ள பொழப்புல ஏன்டி மண்ணள்ளிப் போட்ட?

— பாத்தீகளா, அவளுக்குன்னதும் துடிக்கிறத! எனக்கு என்னைக்காச்சும் இப்படித் துடிச்சிருக்கீகளா? சரி, நான் சொன்னது பொய்யின்னா இப்பவே நிரூபிங்க. கம்ப்யூட்டர்ல ஒரு படத்தப் போடுறேன். அவ இல்லாம, எங்கண்ணு முன்னாடி பாத்துச் சொல்லுங்க.

— எனக்குத் தலவலிக்குது.

— எனக்கு நெஞ்சே வலிக்குது. இந்தா, இதப் பாருங்க. சொல்லுங்க.

— ப்ரியா, வேணாம்.

— சொல்லுங்க மாமா.

— சுத்தமா இருக்கு. ஒண்ணுமில்ல.

— என்னக் கேலி பண்றீகளா?

— ஏன்?

— இது புதுசா வேலைக்கு வர்ற பிள்ளைகளுக்கு மொத நாள் காட்டுற பயிற்சிப் படம். உள்ள பூரா ரத்தங் கசிஞ்சு, குங்குமத்தக் கொட்டுன மாதிரி கெடக்கு. பரிச்சையில தோத்த எனக்கே தெரியுது. நீங்க எத்தன வருசமா ரீடர்? வேணுமின்னு என்னச் சீண்டுறதுக்குத்தான இப்படி... மாமா. ஏன் தலைய ஒருச்சாச்சுப் பாக்குறீக?

— நேராப் பாத்தாத் தெரியல.

— என்ன தெரியல?

— எதுவும். நடுவுல சாம்பல அப்புன மாதிரி இருக்கு. எதப் பாத்தாலும் ஓரந்தான் தெரியுது. எழுத்துன்னா அலையுது. உன் மூஞ்சிகூட, நெத்தியும் தாவாக்கட்டையுந்தான். நடுவுல நீ இல்ல.

— பொய்யி சொல்லாதீக.

— இதுல எவனாச்சும் பொய் சொல்லுவானா புள்ள?

— ரெண்டு கண்ணுமா?

— எடதுதான் மோசம். சோத்தாங்கை பக்கத்துக் கண்ணுல இன்னும் கொஞ்சம் இருக்கு.

— சக்கரையா?

— வேறென்ன. ஊரு கண்ணு பூராத்துலயும் நான் பாத்துச் சொன்ன அதே சனியன். நடுப்பாகத்துல நீர் கோத்துக்கிட்டு வீங்கிருக்கு.

— அப்ப நீங்க வண்டிய எடுக்காம, இடுப்பு வலின்னு என்ன ஓட்டச் சொன்னது...

— இடுப்புக்கு ஒண்ணுமில்ல.

— மேலூருக்கு எதுக்குப் போனீக?

— அங்குட்டு ஒரு ஆளு பச்சிலைச் சொட்டு ஊத்துறான்னு சொன்னாக. சிரிக்காத.

— சிரிக்கல மாமா. எத்தன பேரத் திட்டியிருக்கீக, கண்ணுல கண்டதையும் ஊத்திட்டு வந்து நிக்காதேன்னு. நீங்களா போயி அங்க நின்னீக?

— நானேதான். கண்ணுக்குள்ள ஊசி போடணும்னு மத்தவகளுக்குச் சொல்லுறப்ப, வாய்க்கு அது ஒரு சாதாரண பேச்சு. எனக்குன்னு வந்ததும் ஈரக்கொல நடுங்கிருச்சு. அது மட்டும் இல்ல. ரீடருக்கு வருசா வருசம் கண்ணுப் பரிச்ச இருக்கு. இங்க வந்து ஊசி போட்டா அன்னைக்கே எந்திரிச்சுப் போன்னுருவாக. இந்தக் கண்ண விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? சரியாயிரும் சரியாயிரும்னு நாளக் கடத்துனேன்.

— அதுவரைக்கும் அவ படிச்சத உங்க பேர்ல போட்டீக.

— ஆமா.

— அந்த மார்க்க வச்சுத்தான, டாக்டர் இல்லாமலே கண்ணப் பாத்துச் சொல்லப் போற செல்போன் கேமராவுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறோம், எது வியாதி எது வியாதி இல்லன்னு? நாளைக்குக் கல்குவாரியில வேல பாக்குற ஒரு முனியாயி வந்து அந்தப் போனு முன்னாடி நிப்பா. அவ கண்ணு அவிஞ்சுக்கிட்டு இருக்கும். அது "ஒண்ணுமில்ல, போ"ன்னு சொல்லும். ரெண்டு சாட்சின்னு சொல்லி ஒரே ஒருத்தி சாட்சிய அதுக்குள்ள ஏத்திவிட்டிருக்கீக. அவ தப்புப் பண்ணுன எடத்துல தடுக்க ஆளே இல்ல.

— தெரியும் ப்ரியா. அத நெனைச்சா சோறு எறங்கல.

— சோறு எறங்கலையாம். நாலு மாசம் இது உங்க வயித்துல இருந்திருக்கு, அவ வயித்துல இருந்திருக்கு. ஒரே பாயில படுக்குற எனக்குத் தெரியல. நான் ஒண்ணு சொல்லட்டா மாமா? நீங்க அவளச் சேத்து வச்சிருந்தாக்கூட எனக்கு இம்புட்டு எரிஞ்சிருக்காது. கண்ணு போறத அவகிட்டப் போயிச் சொல்லியிருக்கீகளே, அதுதான் எரியுது.

— நான் சொல்லல. அந்தப் புள்ள தானாக் கண்டுபிடிச்சுச்சு. பரவை முகாம்ல காலையில கேமரா சரியா இருக்கான்னு பாக்க, என்ன உக்கார வச்சு ஒரு படம் எடுத்துச்சு. பாத்ததும் அதுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. நான்தான் யாருகிட்டயும் சொல்லாதன்னு கையெடுத்துக் கும்புட்டேன்.

— எங்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னா?

— முக்கியமா உங்கிட்ட. நீ அன்னைக்கே எழுதி மேல குடுத்திருப்ப. கணக்குன்னு வந்தா உனக்குப் புருசன் பொண்டாட்டி கெடையாது.

— ஆமா, குடுத்திருப்பேன். குடுத்துட்டு, உங்களக் குண்டுக்கட்டாத் தூக்கிட்டுப் போயி ஊசியும் போட வச்சிருப்பேன். எந்திரிங்க.

— எங்க?

— கீழ ரெட்டினா டாக்டர்கிட்ட. இப்பவே. கையக் குடுங்க. மாமா, கையக் குடுங்கன்னேன். படி இருக்கு, பாத்து. இனிமே பிடிக்கிறதுக்கு எங்கையி இருக்கு.

*

— மதினி! அண்ணன உள்ள கூட்டிட்டுப் போயிட்டாகளா?

— வா முத்துமீனா. இப்பத்தான் கூட்டிட்டுப் போனாக. ஸ்கேன் எடுத்தாச்சு. ஊசி போடுறாக. நீ எங்க இருந்த?

— பெரிய டாக்டர் கூப்புட்டாரு. நீங்க போட்ட மெயில வாசிச்சுக் காட்டுனாரு.

— முழுசுமா?

— முழுசுந்தான். கடைசி வரியும்.

— உக்காரு. ஏன் நின்னுக்கிட்டே இருக்க, உக்காரு. அதுக்குப் பெறகு ரெண்டாவது ஒரு மெயில் போட்டிருக்கேன், இங்க உக்காந்தே. அந்த வரி பொய்யி, என் மனசு கெட்டு எழுதுனதுன்னு சொல்லிட்டேன். மத்தது நெசம், அத மாத்த மாட்டேன். சித்திரையிலருந்து நீங்க ரெண்டு பேரும் போட்ட மார்க்கு அம்புட்டையும் ஒதுக்கிரணும். வெளியூருல இருந்து ரெண்டு புது ரீடர் வந்து எல்லாப் படத்தையும் மறுபடி பாக்கணும். போனுக்குச் சொல்லிக் குடுத்த பாடத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்.

— அதான் சரி மதினி.

— உன்னையும் விசாரிப்பாக.

— விசாரிக்கட்டும். நான் செஞ்சது தப்புத்தான. அண்ணனுக்கு டாக்டரு என்ன சொன்னாரு?

— சோத்தாங்கை பக்கம் கொஞ்சம் தேறும்னாரு. மாசாமாசம் ஊசி போடணும். எடது பக்கத்துக்கு ஒண்ணும் சொல்லல. நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். "ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்மா"ன்னாரு.

— ம்.

— அழாத. நீ என்ன செய்வ. இந்த மனுசன் புடிச்சா உடும்புப் பிடி. உன்கிட்டக் கும்புட்டுக் கேட்டுக்கிட்டாராமே.

— ஆமா மதினி.

— முத்துமீனா, இங்க பாரு. நான் உன்னப் பத்தி ரொம்பக் கேவலமா நெனைச்சுட்டேன். இன்னைக்கு நேத்து இல்ல, நீ அந்த ரூம்புல உக்காந்த நாள்லருந்தே எனக்கு உன்னக் கண்டா ஆகாது. உன் கண்ணுக்கு இருக்குற கூர்மை எனக்கு இல்லையேன்னு வயித்தெரிச்சல். பெறகு அது புருசன்மேல சந்தேகமா வளந்துருச்சு. தடுமாறுற மனுசன ரோட்டக் கடத்திவிட்டதுக்கு நான் உனக்குக் கூத்தியாப் பட்டம் கட்டிட்டேன். என்ன மன்னிச்சிரு தாயி.

— ஐயோ மதினி, எங்கிட்ட அப்படிச் சொல்லாதீக.

— சொல்லணும். கூடப்பொறந்த தங்கச்சி இருந்தாக்கூட இப்படித் தாங்கியிருக்க மாட்டா. ரெண்டு ஆளு வேலைய ஒத்த ஆளாப் பாத்திருக்க.

— மதினி, போதும்.

— ஒண்ணே ஒண்ணுதான் மனசுல உறுத்துது. தப்பா எடுத்துக்காத. உனக்குத் தெரியும்ல, இந்த வியாதிக்கு நாளத் தள்ளுனா என்ன ஆகும்னு?

— தெரியும்.

— எங்களையெல்லாம்விட உனக்குத்தான் நல்லாத் தெரியும். படத்தப் பாத்ததுமே தெரிஞ்சிருக்கும்.

— பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. அன்னைக்கே ஊசி போட்டிருந்தா ரெண்டு கண்ணும் நின்னிருக்கும்.

— அப்ப அவருக்குத் தெரியாம எங்கிட்ட வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? தெனம் கேண்டீன்ல எனக்கு எதிர்த்தாப்புலதான உக்காந்து சாப்புட்ட. "மதினி, அண்ணன் கண்ணப் பாருங்க"ன்னு ஒரு வார்த்த.

— சொல்ல வந்தேன் மதினி. ரெண்டு மூணு தடவ தட்ட எடுத்துக்கிட்டு உங்க மேசைக்கே வந்தேன்.

— அவரு கும்புட்டுக் கேட்டதுனால திரும்பிட்டியாக்கும்.

— மொதத் தடவ அதுனாலதான்.

— அப்புறம்?

— அப்புறம்... காலையில அண்ணன் வந்ததும் என் ரூம்பு வாசல்லதான் நிப்பாரு. "மீனா, இருக்கியா"ன்னு கேப்பாரு. நான் "இருக்கேன்"னு சொல்ற வரைக்கும் ஒரு எட்டு எடுத்து வைக்க மாட்டாரு. என்ன அப்படி யாரும் தேடுனது இல்ல மதினி.

— முத்துமீனா. நீ என்ன சொல்ற?

— அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. அவரு மனசுல ஒரு தப்பும் இல்ல. அவர ஒண்ணும் கேட்டுராதீக.

— நான் அவரக் கேக்கல. உன்னக் கேக்குறேன். அந்தக் கண்ணு அவிஞ்சுக்கிட்டிருக்குன்னு தெரிஞ்சும் ஏன் என்கிட்டச் சொல்லல?

— சொன்னா, அன்னையிலருந்து அவருக்குக் கண்ணு நீங்களாயிருவீக மதினி. அது நானாவே இருந்துட்டுப் போகட்டும்னு இருந்துட்டேன்.